நாலு பச்சை வரிசைகள்

லசாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஷவீனே ஊர் பார்த்ததில்லை. ஏப்ரலில் பனிக்குப் பயம், ஜூலையில் ஆலங்கட்டிக்குப் பயம், தபால்காரியின் நாய்க்குப் பயம், டெலிபோன் மணி அடித்தால் அதற்கும் பயம். திராட்சை வரிசையைக் காலை அகட்டித் தாண்டி நிற்கும் உயர டிராக்டரை முப்பது வருஷமாக ஓட்டுகிறவன், இன்றைக்கும் அதில் ஏறுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வான். "கீழ விழுந்தாலும் திராட்சைக் கொடி மேலதானேய்யா விழுவ, எதுக்கு சாமியக் கூப்பிடுற?" என்று மதுக்கடையில் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் சிலுவை போட்டுக்கொள்வான்.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. அதைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. லசார் தாய் தகப்பன் தெரியாத பிள்ளை. மோர்வான் மலைப்பக்கத்துப் பண்ணை வீடுகளில், அரசாங்கம் கொடுக்கிற உதவிப்பணத்துக்காக இப்படிப்பட்ட பிள்ளைகளை வாங்கி வளர்ப்பார்கள். ஒரு வீட்டில் ஜாடியை உடைத்தான், அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டில் அவன் மேய்த்த ஆட்டுக்குட்டி ஓடையில் விழுந்தது, அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் அவன் பாவம் ஒன்றுமே செய்யவில்லை. அந்த வீட்டுக்காரிக்குச் சொந்தப் பிள்ளை பிறந்தது, அதற்கும் அவனைத்தான் அனுப்பினார்கள்.

இருபது வயதில் திராட்சை பறிக்கக் கூலியாக எங்கள் ஊருக்கு வந்தவன், பறிப்பு முடிந்தும் போகவில்லை. மேடம் எத்மே அவனை வைத்துக்கொண்டார். தோட்டத்து வீட்டுக்குப் பின்னால், பீப்பாய் கழுவும் முற்றத்தை ஒட்டிய சின்னக் கல்வீடு ஒன்றையும் கொடுத்தார். வேலை உள்ளவரை வீடு என்பது பேச்சு. அந்த வீட்டுக்குத்தான் சொலான்ஜைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தான். அதன் ஜன்னல் கதவுகளுக்கு வருஷா வருஷம் நீலச்சாயம் அடிப்பான். சாயம் உரிந்திருக்கிறதோ இல்லையோ, அடிப்பான்.

மேடம் எத்மேயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஷார்டனே ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஆட்கள் அதற்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆனால் ஊருக்குள் அவருக்குப் பேர் 'கொம்புக்காரி'. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுத்து, அதைத் தண்ணீரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கலக்கி, நிலவின் கணக்குப் பார்த்துத் தெளிக்கிறவர். கம்பெனி மருந்து ஒரு சொட்டு அவர் மண்ணில் விழக் கூடாது. மயில்துத்தம், கந்தகம், செந்தட்டிக் கஷாயம், குதிரைவால் பூண்டுக் கஷாயம், இவ்வளவுதான். இதையெல்லாம் லசார் நம்பினானா என்று கேட்டால், நம்பாமல் இருக்க அவனுக்குப் பயம்.

மேடம் கெட்டவர் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் இரக்கமே கிடையாது. போன வருஷம் திபோ என்று ஒருவன் வேலைக்கு இருந்தான். முற்றத்துக் கல் இடுக்கில் புல் முளைக்கிறதே என்று எங்கிருந்தோ களைக்கொல்லி வாங்கி வந்து ஊற்றிவிட்டான். திராட்சைக்குக் கூட இல்லை, முற்றத்துக்கு. அந்த வாரமே அவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். திபோவின் மனைவி பிள்ளைத்தொட்டிலை வண்டியில் ஏற்றிக் கட்டியதை லசார் தன் நீல ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனால் சாப்பிட முடியவில்லை.

இந்த நிலையில்தான் கஸ்பார் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் தோட்டங்களுக்கு நடுவே வேலி கிடையாது. ஒரே சரிவில் பத்து பேருடைய வரிசைகள் ஒட்டி ஒட்டி ஓடும். இரண்டு முனையிலும் ஒரு கல் நட்டிருக்கும், அதுதான் எல்லை. கல்லுக்கு ஒரு பக்கம் மேடத்தின் பெரிய தோட்டம், மறுபக்கம் கஸ்பாரின் நாலே நாலு வரிசை. கஸ்பார் மேடத்தை வாய்க்கு வாய் கேலி செய்கிற ஆள், கம்பெனி மருந்துக்காரன். ஆனாலும் ஒருத்தன் படுத்துவிட்டால் அவன் கொடியை ஊர் பார்த்துக்கொள்ளும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், நன்றி சொல்லவும் மாட்டார்கள். ஒருவர் கொடி கட்டினார், ஒருவர் உழுதார். மருந்து அடிக்கிற முறை லசாருக்கு வந்தது. பக்கத்து நிலம் அவனுக்குத் தெரிந்த நிலம் அல்லவா!

"போய் அடிச்சிட்டு வா. அவன் டிராக்டர், அவன் மருந்து. நம்ம வண்டியத் தொடாத. வந்ததும் குளிச்சிட்டுத்தான் நம்ம தோட்டத்துக்குள்ள கால வைக்கணும்" என்றார் மேடம்.

கஸ்பார் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு மருந்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். "நாலு வரிசைக்கு அளந்து வச்சது. சிந்தாம அடி. கொம்ப எதையும் உள்ள போட்றாதடா" என்று கண்ணடித்தான்.

ஜூன் மாதம், பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும் சமயம். விடியற்காலையில் பனிமூட்டம் கண்ணை மறைத்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருந்ததால் லசார் மேல் பாதை வழியாக வந்தான். அங்கேதான் வினை. முப்பது வருஷமாக அவன் அந்தச் சரிவுக்குக் கீழ்ப்பாதையில் இருந்துதான் ஏறுவான். கீழேயிருந்து பார்த்தால் கல்லுக்கு இடப்பக்கம் கஸ்பார். மேலேயிருந்து பார்த்தால் இடப்பக்கம் யார் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் கை பழக்கப்படிதானே திரும்பும்? கல்லைப் பார்த்தான், சிலுவை போட்டான், இடப்பக்கம் இறங்கினான்.

ஒரு ஓட்டத்துக்கு இரண்டு வரிசையாக அடித்து, கீழே போய்த் திரும்பி மேலே வந்தபோது மூட்டம் கொஞ்சம் விலகியது. கடைசிக் கொடியின் கட்டு அவன் கண்ணில் பட்டது. வில்லோ நாரால் கட்டிய கட்டு. கஸ்பார் பிளாஸ்டிக் கொக்கி போடுகிறவன். நாரால் கட்டுவது மேடத்தின் தோட்டத்தில் மட்டும்தான், அதுவும் அந்த முடிச்சு லசாரே போட்ட முடிச்சு.

அவன் எஞ்சினை நிறுத்தினான். இலையிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாலு வரிசையும் நனைந்திருந்தன. மருந்துத் தொட்டி காலி. தண்ணீர் விட்டுக் கழுவலாமா என்று லசார் ஒரு கணம் நினைத்தான். உள்ளே ஏறுகிற மருந்து அது, இலை குடித்தால் குடித்ததுதான், கழுவினால் போகாது. அதுவும் அவனுக்குத் தெரியும். டிராக்டர் மேலேயே உட்கார்ந்து அழுதான்.

பிறகு கஸ்பார் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய் விட்டான்.

"அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு" என்றான் லசார். அது பொய்யும் இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்தான். குளித்த பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். சொலான்ஜ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"குளிர்."

"ஜூன் மாசத்துலயா?"

மேடத்திடம் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று லசார் நினைத்தான். மறுநாள் மேடத்தின் முகம் சரியில்லை. அதற்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, மழை விட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மழை விடவில்லை. அந்த வருஷத்து மழையை எங்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள். மயில்துத்தம் அடித்தால் மதியத்துக்குள் கழுவிக்கொண்டு போயிற்று. அதற்கும் ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டி அடிக்கக் கூடாது. சேற்றில் டிராக்டர் அச்சு வரைக்கும் இறங்கியது. மேடம் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, எழுபது வயதில், தானே நடந்து குதிரைவால் கஷாயம் அடித்தார். கல்லை ஒட்டிய ஓரத்தில் ஆரம்பித்தார். சில வரிசைக்கு மேல் முட்டி தாங்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

மகன் லூசியான் அவரை எழுப்பி நிறுத்தினான். "ஒரே ஒரு தடவை கம்பெனி மருந்து அடிப்போம்மா. யாரும் செத்துட மாட்டாங்க."

"நான் செத்ததுக்கு அப்புறம் அடி."

"இந்த வருஷம் எல்லாம் போச்சுன்னா நான் நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன். வருஷா வருஷம் இந்த வானத்தப் பாத்துப் பயந்து சாக என்னால முடியாது."

"போறவன் போ" என்றார் மேடம்.

அடிச்சாம்பல் நோய் வந்தது. முதலில் இலையில் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் புள்ளி, அப்புறம் அடியில் வெள்ளைப் பூஞ்சை, அப்புறம் பிஞ்சு பழுப்பேறிச் சுருங்கி உதிர்ந்தது. ஜூலையில் மழை நின்று ஊர் வெளியே வந்து பார்த்தபோது, மழைக்கு நடுவே அடிக்க நேர்ந்த கம்பெனி மருந்துக்காரர்களுக்குப் பாதி தேறியது. மேடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கஸ்பாரின் நாலு வரிசை கருகிக் கிடந்தது.

நடுவில், கல்லை ஒட்டி, மேடத்தின் நாலு வரிசை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

லூசியான்தான் முதலில் பார்த்தான். கத்திக்கொண்டே ஓடி வந்தான். மேடம் போய்ப் பார்த்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மண்ணில் மண்டியிட்டுவிட்டார். "நான் கஷாயம் அடிச்ச வரிசைடா. என் கையால அடிச்ச வரிசை" என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். திரும்பி லசாரைப் பார்த்தார். "பாத்தியா லசார்? நீ ஒருத்தன்தான் என்னைக்குமே என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. பாத்தியா?"

"பாத்தேன் மேடம்" என்றான் லசார்.

அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுவதும் அவனுக்கு நரகம்தான். ஊரே அந்த நாலு வரிசையைப் பார்க்க வந்தது. முப்பது வருஷமாகக் 'கொம்புக்காரி' என்று சொல்லிச் சிரித்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார்கள். மேடம் இளைத்துப்போன உடம்போடு, கண் மின்ன, ஒவ்வொருவருக்கும் கஷாயம் காய்ச்சுகிற பக்குவத்தைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் சாட்சிக்கு லசாரைக் கூப்பிட்டார். அவன் தலையை ஆட்டினான்.

கஸ்பாருக்கு வந்த கோபம் மருந்துக் கம்பெனி மேல். ஊன்றுகோலைத் தரையில் குத்திக் குத்திப் பேசினான். "இருபது வருஷமா அவனுங்களுக்குப் பணத்த அழுதேன். லசார் சரியா அடிச்சும் ஒரு இலை மிஞ்சல. அந்தப் பக்கம் ஒரு கிழவி புல்லக் காய்ச்சி ஊத்தி ஜெயிச்சிட்டா. டேய் லசார், அந்தக் கொம்பு எங்கடா கிடைக்கும்?"

"கசாப்புக் கடைல கேளு" என்று முனகிவிட்டு லசார் அங்கிருந்து நழுவினான். கஸ்பாரின் வரிசை கருகியதற்கும் தானே காரணம் என்ற நினைப்பு அவனைத் தனியாகத் தின்றது. ஒரு பொட்டலத்தால் இரண்டு பேருக்குத் துரோகம் செய்தவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆகஸ்டில் முத்திரைக்காரர் வந்தார். ரசாயனம் படாத தோட்டம் என்று வருஷா வருஷம் பார்த்து முத்திரை கொடுக்கிறவர், கண்ணாடி போட்ட சாது மனிதர். சோதனைக்கு இலை பறித்து உறையில் போட்டு எடுத்துப் போவார். எந்த வரிசையில் பறிப்பது என்பது அவர் இஷ்டம். லசார் ஒரு சுத்தியலும் கம்பியுமாக, சும்மா இருக்கிற கம்பத்தை அடித்துக்கொண்டே, அவர் கையையே பார்த்தான். அவர் மேலே பறித்தார், நடுவில் பறித்தார், கல்லை நோக்கி வந்தார். பச்சை வரிசை முன்னால் நின்றார். கை நீட்டி ஓர் இலையைக் கிள்ளினார்.

லசாருக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்தது.

அவர் அந்த இலையை உறையில் போடவில்லை. மோந்து பார்த்துவிட்டுத் தொப்பியில் செருகிக்கொண்டார். "ஞாபகத்துக்கு. இந்த மாதிரி வருஷத்துல இப்படி ஒரு இலையப் பாத்தேன்னு பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்று சிரித்தார். லசார் வரிசைக்குப் பின்னால் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

சொலான்ஜுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்தில் அவன் "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று பிதற்றினானாம். ஒருநாள் மதியம் பட்டாணி உரித்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"எதுவா இருந்தாலும் சொல்லித் தொலைங்களேன். ஆளப் பாத்தா பாதியாயிட்டீங்க."

"சொன்னா இந்த வீடு போயிடும்."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள், நீல ஜன்னலைப் பார்த்தாள். "அப்ப சொல்லாதீங்க" என்றாள். அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அதன் பிறகு இரண்டு பேரும் வாசலில் கார் நின்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பறிப்பு வந்தது. அந்த வருஷம் பறிக்க என்ன இருந்தது? கூலிக்காரர்கள் நாள் முழுக்க அலசி, கருகல் நடுவே நல்ல மணிகளைப் பொறுக்கி, பெரிய தோட்டம் முழுவதும் சேர்த்துக் கொஞ்சம் பெட்டிகள் நிரப்பினார்கள். மறுநாள் காலை அந்த நாலு வரிசை. நாலிலும் பழம் குலுங்கியது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிழிந்து ஒரே ஒயினாக இறக்குவது என்று மேடம் முடிவு செய்திருந்தார். அதைக் கேட்டபோதுதான் லசாருக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. அந்த நாலு வரிசை உள்ளே விழுந்தால், பொறுக்கி எடுத்த அந்தக் கொஞ்சமும் கெட்டது. மேடத்தின் பேரில், மேடத்தின் முத்திரையில், கஸ்பாரின் மருந்து டோக்கியோவுக்குப் போகும்.

கூலிக்காரர்கள் வருவதற்கு முன்னால், கல்லின் பக்கத்தில் மேடம் தனியாக நின்றிருந்தார். லசார் தொப்பியைக் கழற்றினான்.

"மேடம், இது கஷாயம் இல்ல."

"எது?"

அவன் சொன்னான். மூட்டத்தைச் சொன்னான், மேல் பாதையைச் சொன்னான், நார்க்கட்டைப் பார்த்ததைச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருக்கிற பிள்ளையைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

மேடம் கத்தவில்லை. வரிசையைப் பார்த்தார். கை ஒரு குலையைத் தொடப் போய்ப் பாதியில் நின்றது. அந்தக் கை நடுங்கியது. லசார் தன் வாழ்க்கையில் நடுங்குகிற கைகளை நிறையப் பார்த்தவன், எல்லாம் அவனுடைய கைகள். இந்த அம்மாளின் கை நடுங்கி இப்போதுதான் பார்க்கிறான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"கஸ்பாருக்கு?"

"தெரியாது."

கீழ்ப்பாதையில் கூலிக்காரர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேடம் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டார். "பறிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

லசார் நின்ற இடத்திலேயே நின்றான். வீடு தப்பித்தது. வேலை தப்பித்தது. எந்தப் பயத்துக்காக மூன்று மாதம் செத்துப் பிழைத்தானோ அது தீர்ந்துவிட்டது. ஆனால் இந்த அம்மாள் இனிமேல் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் பயப்படப் போகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. தன்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவது அவனுக்குப் பழக்கமில்லாத காரியம். அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

பிழியும் கொட்டகையில் பெட்டிகளை இறக்கினார்கள். நேற்றைய கொஞ்சம் பழம் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் கிடந்தது. மேலே இதைக் கொட்டி மூடினால் வேலை முடிந்தது. கஸ்பார் ஊன்றுகோலோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். லூசியான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உற்சாகமாக நின்றான்.

"அம்மா, குத்தகைக்குக் கேட்டவனுக்கு நேத்தே சொல்லிட்டேன். நிலம் இல்லைன்னு. இந்த நாலு வரிசையப் பாத்ததுக்கு அப்புறம் எந்தப் பைத்தியக்காரன் போவான்? உன் வழிதான் இனிமே. கொட்டு லசார்!"

லசார் முதல் பெட்டியைத் தூக்கி இயந்திரத்தின் வாயில் வைத்தான். எதிரே மேடம் நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"கொட்டு, லசார்" என்றார் அவரும். மெதுவாக.

இரண்டு வீட்டில் அவன் குற்றம் செய்து வெளியே போனான், ஒரு வீட்டில் செய்யாமல் போனான். வாயைத் திறந்து தானாகப் போனதில்லை. பெட்டி கையில் ஆடியது, இரண்டு திராட்சை மணிகள் உருண்டு கீழே விழுந்தன.

"இதுல கஸ்பாரோட மருந்து இருக்கு" என்றான் லசார்.

பெட்டியைப் பின்னுக்கு இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டான்.

"மூட்டத்துல வழி மாறி அடிச்சிட்டேன். அதான் பச்சையா நின்னுச்சு. கஷாயத்தால இல்ல. எல்லாம் நான் பண்ணது."

முதலில் விளங்கிக்கொண்டவன் கஸ்பார். "அப்ப என் நாலு வரிசைக்கு?"

"அதுக்கு ஒண்ணும் அடிக்கல."

"அடப்பாவி! கம்பெனிக்காரன வீடு தேடிப் போய்த் திட்டிட்டு வந்தேனேடா!" ஊன்றுகோலை ஓங்கிய கஸ்பாருக்குப் பிடி தவறி, கூலிக்காரன் ஒருவன் தாங்கிப் பிடித்தான்.

லூசியான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. தாயைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

லசார் கண்ணை மூடிக்கொண்டான். தெரியாது என்று மேடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையில் அவன் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கல்லும் கொடியும்தான் இருந்தன. அவரை யார் கேட்கப் போகிறார்கள்? இவனை யார் நம்பப் போகிறார்கள்?

"தெரியும்" என்றார் மேடம் எத்மே. "காலையிலயே வந்து சொன்னான். நான்தான் பறிக்கச் சொன்னேன். கொட்டச் சொன்னதும் நான்தான்." அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் இந்த ஊர் என்னைப் பாத்துச் சிரிச்சுது. இந்த வருஷம்தான் சிரிக்கல. மறுபடியும் சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்."

கூலிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கஸ்பார் கூடச் சிரிக்கவில்லை.

லூசியான் இயந்திரத்துக்குள் கிடந்த அந்தக் கொஞ்சம் பழத்தையே பார்த்தான். பிறகு லசார் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கொண்டுபோய்க் கஸ்பாரின் காலடியில் வைத்தான். "உங்க மருந்து, உங்க பழம். எல்லாப் பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க." திரும்பித் தாயிடம் வந்தான். "உள்ள இருக்கிறது எத்தனை பீப்பா வரும்?"

"ரெண்டு வந்தா பெருசு."

"அடுத்த வருஷமும் இப்படிப் பெஞ்சா?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் மேடம்.

லூசியான் மூடியை இழுத்துச் சாத்தினான். இரண்டு பீப்பாய்க்கான பழத்தின் மேல் இயந்திரம் முனகிக்கொண்டு இறங்கியது. அவன் இருப்பானா போவானா என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

லசார் மட்டும் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மனதுக்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டில், சொலான்ஜின் தையல் மிஷின், சமையல் பாத்திரம். மோர்வானுக்குப் போக முடியாது, அங்கே யார் இருக்கிறார்கள்? மேடத்தின் பக்கத்தில் போய் நின்றான். கேட்டுவிடலாம், தெரிந்துவிட்டால் நல்லது.

"எப்ப காலி பண்ணணும், மேடம்?"

"எத?"

"வீட்ட."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அவன் என்ன கேட்கிறான் என்றே அவருக்கு விளங்கவில்லை.

"எந்த வீட்ட லசார்?"

அவன் பின்முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினான். கை காட்டிய திசையில் அவர் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

"அது உன் வீடுதானடா" என்றார்.

லசார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.